கடைக்காப்பு இல்லாத பதிகம்

1

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் குடமுழுக்கு மலரைத் தொகுப்பவர், இணுவிலில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். கொழும்புக்கு வந்த ஒருவர் மூலம் அவர் எனக்கு ஒரு வேண்டுகோளைச் சொல்லியனுப்பியிருந்தார். பல ஊரும் பல தேசமும் கண்ட வாழ்வு என் செய்யுளுக்கு என்ன செய்தது என்று நான் எழுத வேண்டும்; கூடவே பிள்ளையார்மீது ஒரு பதிகமும் பாடித் தர வேண்டும்.

மனம் அமைதியாக இருந்த காலமென்றால் இவ்வினாவுக்கு ஆறுதலாக விடை எழுதியிருப்பேன். இப்போது என் மனைவி சிவபாக்கியம் வழியில் இருக்கிறாள். நோர்வேயில் மகனிடம் நான் முதலில் வந்தேன். நீர்வேலியில் மகளின் பிரசவம் பார்த்து, பிள்ளை நடக்கத் தொடங்கியபின் வருவதாக அவள் நின்றாள். பிள்ளை நடக்கத் தொடங்குவதற்குள் போரில் தரைவழிப் பாதை அடைபட்டுவிட்டது. இனி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறி நீரேரியைக் கடக்கவேண்டும். வன்னிக் கரையில் இறங்கி, வவுனியா வழியாகக் கொழும்பு சேர்ந்தால்தான் இந்நாட்டுக்கு வரும் அனுமதிக்கு அவள் விண்ணப்பிக்கலாம்.

"கார்த்திகை விளக்கீடு முடிய வெளிக்கிடுறன். கவலைப்படாதேங்கோ" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. ஆகவே இக்குறிப்புகளை எழுதுகிறவன் பாதி மனத்தோடு எழுதுகிறான் என்பதை வாசிப்போர் பொறுத்துக்கொள்க.

2

நம் அடியார்கள் இருந்த இடத்தில் இருந்து பாடியவர்கள் அல்லர். பதி பதியாக நடந்தார்கள். சென்ற பதியின் ஆறு எது, அங்கே எந்தப் பறவை எந்த மரத்தில் இருந்தது, வயலில் எருமை எங்கே படுத்தது என்பதெல்லாம் இறைவன் புகழோடு சேர்ந்து பாட்டில் வந்து அமர்ந்தன. நடந்த கால்கள்தாம் அப்பாட்டுகளை எழுதின என்று நான் எண்ணுவதுண்டு.

நானும் ஊர் ஊராகப் போனவன்தான். ஆனால் என்னை நடத்தியது புகையிரதத் திணைக்களம். நிலைய அதிபராக நானுஓயாவில் இருந்தேன், வாழைச்சேனையில் இருந்தேன், தலைமன்னார்த் துறையில் இருந்தேன், இறுதியாகத் தெற்கே ஒரு கடலோர ஊரில் இருந்தேன். மாற்றல் கடிதம் வரும். பெட்டி கட்டுவோம். போன இடத்தில் பிள்ளையார் எங்கே இருக்கிறார் என்று தேடுவேன். கோயில் இருந்தாலும், மரத்தடியில் ஒரு கல் மட்டும் இருந்தாலும், அவர்மீது ஒரு பாட்டு எழுதினால்தான் அவ்வூர்த் தண்ணீர் எனக்குச் செமிக்கும்.

இளமையில், யாழ்ப்பாணத்தைத் தாண்டாத காலத்தில் எழுதிய செய்யுள்களில் மலை உண்டு, அருவி உண்டு, தாமரைக் குளம் உண்டு. ஒன்றையும் நான் கண்டதில்லை; மனப்பாடம் செய்த பாட்டுகளிலிருந்து அவற்றை இரவல் வாங்கியிருந்தேன். நானுஓயாவில்தான் மலையைக் கண்டேன். மூடுபனிப் புகார் இறங்கினால் கைகாட்டி மரம் தெரியாது. வண்டி வருவதைக் காதால் அறியவேண்டும். அவ்வூர்ப் பிள்ளையாரைப் பாடும்போது 'காணாமற் கேட்கும் பொருளே' என்று தானாக வந்தது. தலைமன்னாரில் இருந்தபோது கப்பலேறி அக்கரை சென்று சோழநாட்டுப் பதிகள் சிலவற்றை வணங்கினேன். சிறுவயது முதல் நான் ஓதிவந்த ஒரு பதியின் பொய்கை வற்றிக் கிடந்தது. கரையில் ஆடு மேய்ந்தது. கலங்கி நின்ற என்னைச் சிவபாக்கியம் பார்த்தாள்.

"பாடினவர் வந்த நேரம் தண்ணி இருந்திருக்கும். நீங்கள் வந்த நேரம் ஆடு நிக்குது. ஆட்டைப் பாடுங்கோவன்" என்றாள்.

அவளுடைய பேச்சு எப்போதும் அப்படித்தான். கொழும்பில் ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசிய ஒருவர், ஊர்தோறும் சென்று பாடிய புலவர் என்று என்னைச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "நீங்கள் பாடின ஊர் எல்லாத்திலையும் தண்ணி அள்ளினது ஆர்? நானுஓயாவிலை விறகு ஈரம், வாழைச்சேனையிலை கிணறு உப்பு. அதைப் பற்றி ஒரு அடியும் காணேல்லை."

"உப்பை எப்பிடியப்பா பிள்ளையாருக்குப் பாடுறது?"

"அவருக்கு மோதகம் அவிச்சது அந்தத் தண்ணியிலைதான்" என்றாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் அந்தக் கடலோர ஊரில் இருந்தோம். அவ்வூரின் தென்னைகளையும் அங்கிருந்த நல்ல மனிதர்களையும் வைத்து ஒரு பாட்டு எழுதியிருந்தேன். அங்கிருந்து வந்த விதத்தை இங்கே விரிக்கவில்லை. வீட்டோடு அந்தத் தாளும் எரிந்தது. இணுவிலுக்கு வந்து சில மாதங்களின்பின், அப்பாட்டைத் திரும்ப எழுதலாமென்று நினைத்து உட்கார்ந்தேன்.

"பாட்டு மனசிலை இருக்கோ?" என்று சிவபாக்கியம் கேட்டாள்.

"ஓம், இருக்கு."

"அப்ப இருக்கட்டும். எழுதாதேங்கோ."

இன்றுவரை எழுதவில்லை. பல ஊர் வாழ்வு செய்யுளுக்கு என்ன தந்தது என்று கேட்போர், அது எதை எழுதாமல் நிறுத்தியது என்பதையும் கேட்கவேண்டும்.

3

மகன் குகன் இவ்வாண்டுதான் நோர்வேயின் தென்பகுதியிலிருந்து வடகோடிக்கு வேலை மாறினான். ஒரு மீன்பிடித் துறை. மீன் பதனிடும் ஆலையில் வேலை. மச்சம் மாமிசம் தொடாத என்னைப் பிள்ளையார் கடைசியில் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மீன் மணக்கும். பிள்ளையார் படம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. அப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நானும் கேட்பதில்லை, மருமகளும் சொல்வதில்லை.

சிவபாக்கியத்தின் செய்தி கிடைத்ததும் ஒரு நேர்த்தி வைத்தேன். விடியுமுன் நீராடி, சூரியன் காணும்வரை தண்ணீரும் அருந்தாமல், நாளுக்கு ஒரு பாட்டு. நான் வாழ்ந்த ஊர்ப் பிள்ளையார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடவேண்டும்; பத்தும் முடிகையில் அவள் கரை சேர்ந்திருக்க வேண்டும். கேட்ட பதிகத்தை மலருக்கும் அனுப்பியதாகும்.

நண்பகலில் சிறிது நேரம் தலைகாட்டிய சூரியனைக் கண்டு நான்கு பாட்டு முறையாக நடந்தது. ஐந்தாம் நாள் பாட்டை எழுதிவிட்டுச் சன்னலருகே சூரியனுக்காகக் காத்திருந்தேன். குளிர்காலத்தில் இங்கே சூரியன் வராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நம் ஊர் மாரி இருட்டைப் போல மூட்டமாக இருக்கும் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன். நண்பகலில் மலைக்குப் பின்னால் சற்றே வெளுத்தது. பின்பு அதுவும் போயிற்று. வேலை முடிந்து வந்த குகன், காலையில் விட்டுப்போன இடத்திலேயே நான் இருப்பதைக் கண்டான்.

"என்னப்பா, சாப்பிடேல்லையோ?"

"சூரியன் இன்னும் வரேல்லை."

அவன் சப்பாத்தைக் கழற்றாமலே என் முன் குந்தினான். "அப்பா, இனி அது தைக்குத்தான் வரும்."

பேத்தி ஆரணிக்கு எட்டு வயது. அவள் தகப்பனிடம் நோர்வே மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "என்னவாம்?" என்று கேட்டேன். "சூரியன் வாற அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை இனிப்புப் பணிஸ் குடுப்பினமாம். அதுமட்டும் தாத்தா பட்டினியோ எண்டு கேக்கிறாள்" என்றான். என் பேத்தியின் பகிடியை எனக்கு ஒருவர் பெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அவள் பாட்டி வந்தால் யார் எதைப் பெயர்த்துச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். வந்தால் என்பதை உடனே வரும்போது என்று திருத்திக்கொண்டேன்.

நேர்த்தி கலைந்ததா, இல்லையா என்று தெரியாமல் இந்நாட்டுத் தலைநகரிலுள்ள ஐயர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன்.

"சாத்திரம் எழுதினவை உங்கை வந்து பாக்கேல்லை. மணிக்கூட்டைப் பாருங்கோ. ஆறு மணி எண்டா விடிஞ்சுது எண்டு வையுங்கோ" என்றார்.

"எந்த ஊர் ஆறு மணி, ஐயா?"

"உங்களுக்கு இப்ப எந்த ஊர் விடியோணும்?" என்று கேட்டார்.

அன்றுமுதல் ஒரு மணிக்கூட்டை இணுவில் நேரத்துக்கு மாற்றிவைத்து அதன்படி எழுதுகிறேன். இருந்தும் ஐந்தாம் நாள் உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றுதான் அவள் வள்ளத்தில் ஏறியிருந்தால்?

4

குடிவரவு விடயங்களை இங்கே பொலிஸ் நிலையத்தில்தான் பார்க்கிறார்கள். அவளை அழைப்பதற்கான பத்திரங்களைக் கொடுக்க நானும் குகனும் போனோம். பொலிஸ் நிலையப் படி ஏறும்போது என் கால் இன்னமும் தயங்கும். மேசையில் இருந்தவள் இளம்பெண், பொறுமையானவள். மனைவியின் பெயரின் பின்பாதி உங்கள் பெயரில் ஏன் இல்லை என்று கேட்டாள். அது அவளுடைய தகப்பன் பெயர் என்று குகன் விளக்கினான். பின்பு, இருவரும் எந்த எந்த ஊரில் வாழ்ந்தீர்கள் என்று கேட்டாள். நான் வரிசையாகச் சொன்னேன்.

"எல்லாத்திலையும் அம்மாவும் இருந்தவவோ எண்டு கேக்கிறா" என்றான் குகன்.

"எல்லாத்திலையும்."

"ஏன் இவ்வளவு இடம் மாறினீங்கள் எண்டு கேக்கிறா."

"அரசாங்கம் மாத்தினது எண்டு சொல்லு."

அவள் எழுதிக்கொண்டாள். "கடைசியா ஊரை விட்டதும் அரசாங்கம் மாத்தித்தானோ எண்டு கேக்கிறா."

"ஒரு வகையிலை ஓம் எண்டு சொல்லு" என்றேன். குகன் என்னைப் பார்த்தான். அதை அவன் பெயர்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பேருந்தில் திரும்பும்போது என் மனத்தில் ஓடியது வேறொன்று. பதிகத்துக்குப் பத்துப் பாட்டின்பின் கடைக்காப்பு என்று ஓர் இறுதிப் பாட்டு உண்டு. பாடியவன் தன் ஊரையும் பெயரையும் அதில் பொறிப்பான். இப்பத்தையும் பாடுவோர் இன்ன பயன் பெறுவர், வினை நீங்குவர், வானுலகு ஆள்வர் என்று உறுதி கூறி முடிப்பான். ஊரைப் பற்றி எனக்கு ஐயமில்லை. எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தாலும் நான் இணுவிலான்தான். பயன்தான் என்னை அச்சுறுத்தியது. அடியார்கள் கண்டு பாடினார்கள், உறுதி சொன்னார்கள். கரையில் என்ன நடந்தது என்று அறியாத நான், எதை அறிந்து யாருக்கு உறுதி சொல்வேன்?

5

குகனோடு ஆலையில் வேலை செய்பவர் மரியதாஸ். குருநகரைச் சேர்ந்தவர், முன்பு சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். நான் மச்சம் தொடாதவன் என்பதால் வாசலில் நின்று தன் கையை முகர்ந்து காட்டி, "மாஸ்டர், இண்டைக்குச் சவுக்காரம் போட்டுக் கழுவினனான், உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்பார். அவருக்கு அது தீராத பகிடி.

அந்த ஞாயிறு வந்தபோது பகிடி விடவில்லை. நீரேரியில் வள்ளங்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததாக வானொலியில் சொன்னார்கள். என்று, எத்தனை வள்ளம், யார் யார் என்ற விவரம் ஒன்றும் இல்லை.

"கிளாலியிலை ஆழம் இல்லை, மாஸ்டர். கன இடத்திலை இறங்கி நிக்கலாம்" என்றார்.

"உமக்கு அந்தத் தண்ணி தெரியுமோ?"

"எனக்குக் குருநகர்க் கடல்தான் தெரியும். கிளாலியிலை நான் தொழில் செய்யேல்லை. உங்களுக்கு ஒரு ஆறுதலுக்குச் சொன்னனான்."

"அவவுக்கு நீந்தத் தெரியாது."

"நீந்தத் தெரிஞ்ச நாங்கள் என்னத்தைக் கண்டனாங்கள்" என்றார். பிறகு தன் பையிலிருந்து செபமாலையை எடுத்தார். "உங்கடை ஆளுக்கு நீங்கள் பாடுங்கோ. எங்கடை ஆச்சிக்கு நான் சொல்லுறன். ஆர் முந்துகினமோ பாப்பம்."

அவர் மாதாவை ஆச்சி என்பார். இருவரும் ஒரே அறையில் எதிரெதிராக இருந்தோம். அவருடைய மணிகள் ஓடின. எனக்கு ஒரு சீரும் வரவில்லை. அன்று முறைப்படி வாழைச்சேனைப் பிள்ளையாரைக் கூப்பிட்டு எழுதவேண்டிய நாள். அந்த ஊரை நினைத்தால், உப்புக் கிணற்றடியில் வாளியோடு நிற்பவளே கண்ணுக்குள் வந்தாள். நானுஓயாவை நினைத்தால் ஈர விறகை ஊதிக் கண் சிவந்திருப்பாள். தலைமன்னாரில் காற்றுக்கு முந்தானையைக் கடித்தபடி உடுப்புக் காயப்போடுவாள். ஊர்களைப் பாட உட்கார்ந்தவனுக்கு ஊர்கள் வரவில்லை. அவள் மட்டுமே வந்தாள். விழுந்து எழும்பி ஒரு பாட்டை முடித்தேன். நல்ல பாட்டல்ல. யாப்புப் பிழையில்லை என்பதே அதற்கு உள்ள பெருமை. எஞ்சியவையும் அப்படியே வந்தன. பத்தும் முடிந்தன. செய்தி வரவில்லை.

6

நேற்று முன்தினம் பிற்பகல் தொலைபேசி மணி அடித்தது. ஆரணி எடுத்துத் தன் மொழியில் ஏதோ கேட்டாள். பின்பு கருவியை என்னிடம் நீட்டி, தெளிவான தமிழில், "தாத்தா, அழுகிற சத்தம் கேக்குது" என்றாள்.

அழுதது சிவபாக்கியம் அல்ல, அருகில் ஒரு குழந்தை. "இஞ்சருங்கோ, நான் கொழும்புக்கு வந்திட்டன்" என்றாள்.

"எப்பிடி இருக்கிறீர்?"

"கால் வீங்கிப்போச்சு. வேறை ஒண்டுமில்லை. லொட்ஜிலை நிக்கிறன். இது ஒரு பிள்ளை. வள்ளத்திலை எனக்குப் பக்கத்திலை இருந்தது. தாயும் இஞ்சைதான் நிக்கிறா."

ஒரு மோட்டர்ப் படகின் பின்னால் வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுப்பார்களாம். இவர்களது வள்ளத்தின் பின்னே இன்னொன்று கட்டியிருந்தது. நடு நீரேரியில் வெடிச் சத்தம் கேட்டதும் எல்லோரையும் குனியச் சொன்னார்கள். பிள்ளை அழத் தொடங்கியது. சத்தம் கேட்டால் சுடுவார்கள் என்று யாரோ ஏசினார். தாய் இவளுடைய கையைப் பிடித்து, "அம்மா, ஒரு சாமிப்பாட்டு மெல்லப் படியுங்கோ. பாட்டெண்டாப் படுப்பான்" என்றாளாம்.

"பழைய தேவாரம் ஒண்டும் வாயிலை வரேல்லை" என்றாள் சிவபாக்கியம். "உங்கடை வாழைச்சேனைப் பாட்டுத்தான் வந்தது. அதைத்தான் வாய்க்குள்ளை படிச்சனான்."

நிலையத்துக்குப் பின்னால், ஆற்றங்கரையில் இருந்த சிறு பிள்ளையார்மீது நான் அந்த நாளில் எழுதியது அது:

ஆறும் கடலும் கைகோக்கும் அழகார் துறையின் அருகிருந்து
ஏறும் இறங்கும் எல்லோர்க்கும் இடரை நீக்கும் ஐங்கரனே
மாறும் ஊர்கள் பலவெனினும் மாறா துடன்வந் தருள்புரிவாய்
கூறும் அடியார் குறைதீர்க்கும் குளிர்நீர்த் துறையாய் சரண்புகுந்தேன்.

"முழுக்க ஞாபகம் இருந்ததோ?"

"மூண்டாம் அடி மறந்து போச்சு. பிள்ளை நிப்பாட்ட விடேல்லை. நானே ஒண்டு போட்டுப் படிச்சன்."

"என்ன போட்டீர்?"

"அது இப்ப ஆருக்குத் தெரியும்? எத்தினை தரம் படிச்சன். கரைக்கு வந்தாப்போலை அதுவும் மறந்து போச்சு."

"எதுகை வந்ததோ?"

"சூட்டுக்குள்ளை எதுகை கேக்கிறார் மனுசன்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அதைக் கேட்டபிறகே, அவள்தான் பேசுகிறாள் என்று முழுமையாக நம்பினேன்.

பிறகு அவள் குரல் இறங்கியது. "பின்னாலை கட்டின வள்ளத்தின்ரை கயித்தை வெட்டி விட்டிட்டினம். இழுக்கேலாமல் போச்சு."

"அது கரைக்கு வந்ததோ?"

"விடியுமட்டும் கரையிலை நிண்டு பாத்தனாங்கள். நாங்கள் வெளிக்கிடுமட்டும் வரேல்லை. பேந்து வந்திருக்கலாம். தெரியாது." பின்பு, "அதிலையும் ஆரோ படிச்சுக்கொண்டுதான் இருந்தவை. எங்களுக்குக் கேட்டது" என்றாள்.

அவள் கரை சேர்ந்துவிட்டாள். அனுமதி வரும்வரை, பொலிஸ் பதிவும் அடையாள அட்டையும் கையுமாக, கொழும்பில் அந்த விடுதி அறையில் இருக்கவேண்டும். எத்தனை நாள் என்று எவரும் சொல்லவில்லை. என் பதற்றம் கிளாலியிலிருந்து கொழும்புக்கு மாறியிருக்கிறது. அதற்கும் ஒரு மாற்றல்.

மலராசிரியர் அவர்களுக்கு: கேட்ட பதிகத்தின் பத்துப் பாட்டையும் இத்துடன் அனுப்புகிறேன். கடைக்காப்பு எழுதவில்லை. இவற்றைப் பாடுவோர் இடர் நீங்கிக் கரை சேர்வர் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அந்தப் பின் வள்ளத்தில் பாடியவர்களை நினைத்து வைத்துவிட்டேன். நீங்கள் கேட்ட வினாவுக்கும் எனக்குத் தெரிந்த விடை இவ்வளவே. இத்தனை ஊர் திரிந்து எழுதியவற்றில் எது எங்கே எவருக்குத் தேவைப்படும் என்று எழுதுகிறவனுக்குத் தெரிவதில்லை. நேர்த்தி வைத்துப் பாடிய பத்தும் என் மேசையில் இருந்தன. போகிற போக்கில் ஓர் ஆற்றங்கரையில் எழுதிய ஒன்று, உப்புத் தண்ணீர் அள்ளியவளோடு வள்ளத்தில் ஏறிப் போயிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்த நாளில் எழுதிய அந்த வாழைச்சேனைப் பாட்டையும் மலரில் சேருங்கள். அதன் மூன்றாம் அடி இருக்கும் இடத்தை வெறுமையாக விடுங்கள். மலரை வாசிப்போரிடமும் ஒன்று கேட்கிறேன்: விளக்கீடு கழிந்து நீரேரி கடந்தவர்களில் எவரேனும், தம் வள்ளத்தில் ஒரு வயதான அம்மா பிள்ளையொன்றுக்கு மெல்லப் பாடியதைக் கேட்டிருந்தால், அவ்விடத்தில் அவள் என்ன பாடினாள் என்பதைத் தயவுசெய்து மலராசிரியருக்குத் தெரிவியுங்கள். எதுகை இல்லாவிட்டாலும் குற்றமில்லை.